காலனுக்கு முப்பத்தாறு மைல்

பெட்ரோலைக் காலனில் அளந்த காலத்தில் நடந்தது. லிட்டருக்குப் பழகிவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன்: காலன் என்பது இங்கே எமன் அல்ல, ஏறக்குறைய நாலரை லிட்டர். ஒரு டிரைவர் விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போயிற்று. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பத்து வருஷம் ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. கோபத்தோடு எழுதினால் எழுத்து கெட்டுவிடும் என்று படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். கெடட்டும். என் எழுத்துக்களில் அதிகப் பிரதிகள் அச்சானது தீப்பெட்டி லேபிள். அதற்குமேல் கெட என்ன இருக்கிறது?

நான் அப்போது சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் ஒரு கம்பெனியில் இங்கிலீஷ் கிளார்க். கல்கத்தா வியாபாரிக்கும் பம்பாய் வியாபாரிக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் கடிதம் எழுதுவது, வந்த கடிதங்களை முதலாளிக்குத் தமிழில் வாசித்துச் சொல்வது, லேபிளுக்கு வாசகம் எழுதுவது, இவை என் வேலை. வயது முப்பத்தைந்து. விவரம் தெரியாத வயது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. வீட்டில் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்தேன். மனசாட்சியைப் பற்றி மட்டுமே அதில் ஏழெட்டு இருந்தன. எல்லாவற்றையும் அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன்.

முதலாளி பதிவு செய்து நாலு வருஷம் காத்திருந்து ஒரு புதுக் கார் வாங்கினார். மதுரையிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வந்தவர்தான் நான் சொன்ன டிரைவர். ஐம்பதை நெருங்கும் வயது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக்காரர். யுத்த காலத்தில் ராணுவ லாரி ஓட்டியவர். குண்டு விழும் ரோட்டில் ஓட்டிய பழக்கத்தால், பட்டாசுக் கம்பெனி வாசலில் நிற்க மற்ற டிரைவர்கள் பயந்தபோது இவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார். என்னைத் 'தம்பி' என்பார். நான் 'அண்ணே' என்பேன்.

காரோடு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. வழவழப்பான தாள். முதலாளி முதலில் தாளைத் தடவிப் பார்த்தார், மூலையை மடித்துப் பார்த்தார், மை ஒட்டுகிறதா என்று விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகுதான் என்னிடம் கொடுத்தார்.

"தம்பி, என்ன எளுதியிருக்கான்னு வாசி. ஒண்ணு விடாம வாசிக்கணும்."

வாசித்தேன். எண்ணெய் எப்போது மாற்றுவது, டயருக்கு எவ்வளவு காற்று, கண்ணாடியை எந்தத் துணியால் துடைப்பது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பதினோராம் பக்கத்தில் காலனுக்கு முப்பத்தாறு மைல் என்று தடித்த எழுத்தில் இருந்தது. முப்பத்தாறின் தோளில் ஒரு சின்ன நட்சத்திரம்.

"முப்பத்தாறா!" முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. "பக்கத்துல என்ன, நச்சத்திரமா?"

நட்சத்திரம் போட்டால் பக்கத்தின் அடியில் பார் என்று அர்த்தம் என்பது படித்தவனாகிய எனக்குத் தெரியும். அடியில் எறும்பு ஊர்ந்தது போல மூன்று வரி இருந்தது. அதையும் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பசி. அவருக்கோ அப்படி ஒரு சந்தோஷம்.

"சும்மா ஒரு குறி மொதலாளி" என்றேன்.

"குறியா? ஒசத்தியான சரக்குன்னா நச்சத்திரம் போடுவான். நாம போடலையா?"

போடுகிறோம். எங்கள் லேபிளில் நட்சத்திரம் இல்லாத மூலையே கிடையாது. ராணி படம், மயில் படம், குத்துச்சண்டைக்காரன் படம், எதுவானாலும் சுற்றி ஏழு நட்சத்திரம். அவை எதற்கும் அடியில் ஒரு வரியும் இருந்ததில்லை. உலகத்திலேயே அடிக்குறிப்பு இல்லாத நட்சத்திரங்களைக் கோடிக்கணக்கில் அச்சடித்த ஊரில், அவர் அப்படி நினைத்ததில் தப்பு இல்லை. தப்பு என்னுடையது.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இதுல எங்கயாச்சும் ஆவரேஜ்னு போட்டிருக்கானா?"

இந்தக் கேள்வியை விளக்க வேண்டும். முதலாளி ஏமாற்றுக்காரர் அல்ல. மத்தாப்பு டப்பாவில் பத்து என்று அச்சடித்தால் உள்ளே பத்து இருக்க வேண்டும். ஒன்பது வைத்துக் கட்டிய ஆளை அன்றே வீட்டுக்கு அனுப்புவார். தீப்பெட்டி மட்டும் வேறு. அதில் ஐம்பது குச்சி என்று போட்டு, முன்னால் 'ஆவரேஜ்' என்று ஒரு வார்த்தையும் போடுவோம். அகராதியில் அதற்குச் சராசரி என்று பொருள். ஒரு பெட்டியில் நாற்பத்தெட்டு இருந்தால் இன்னொன்றில் ஐம்பத்திரண்டு இருக்க வேண்டும். எங்கள் கம்பெனி வழக்கில் அதற்கு, எண்ணிப் பார்க்காதே என்று பொருள். ஐம்பத்திரண்டு குச்சி இருந்த பெட்டியை நான் அங்கே கண்டதில்லை. ஆவரேஜ் என்று போட்டுவிட்டால் குறைக்கலாம், போடாவிட்டால் முழுசாகக் கொடுக்க வேண்டும். இதுதான் அவருடைய தர்மம். அதில் அவர் சுத்தம்.

"ஆவரேஜ்னு இல்லை மொதலாளி" என்றேன்.

"அப்போ முப்பத்தாறுன்னா முப்பத்தாறுதான். கொறையிறதா இருந்தா ஒரு ஆவரேஜைப் போட்டிருப்பான்ல? நேர்மையான கம்பெனி."

அன்று சாயங்காலமே கிளப்பில் முப்பத்தாறு அரங்கேறியது. கிளப் என்பது கார் வைத்திருந்த முதலாளிமார் கூடி வெற்றிலை போடும் இடம். மொத்த ஊரிலும் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களுக்கு உரியவர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். அச்சகக்காரர் தன் கார் முப்பத்திநாலு கொடுக்கிறது என்பார். பஞ்சு வியாபாரி முப்பத்தஞ்சு என்பார். யாரும் அளந்து பார்த்தவர்கள் அல்ல. எல்லாரிடமும் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது, அவ்வளவுதான். இன்னொருவன் கார் முப்பத்தஞ்சு கொடுக்கும்போது தன் கார் இருபத்திரண்டு கொடுத்தால் ஒரு முதலாளி என்ன நினைப்பார்? கார் பொய் சொல்லாது. கம்பெனி பொய் சொல்லாது. பக்கத்து நாற்காலிக்காரர் அண்ணாச்சி, அவரும் பொய் சொல்ல மாட்டார். மிச்சம் இருப்பது டிரைவர்.

ஒரு மாதம் கழித்து முதலாளி மைல் காட்டியில் ஓடின மைலைக் குறித்து, பெட்ரோல் பங்குக்காரனிடம் எத்தனை காலன் என்று கேட்டு வாங்கி, வகுத்தார். இருபத்திரண்டு வந்தது. இன்னொரு முறை வகுத்தார். என்னை வகுக்கச் சொன்னார். எனக்கும் இருபத்திரண்டுதான் வந்தது. டிரைவரைக் கூப்பிட்டார்.

"ஏலே, பதினாலு மைலு எங்கலே போச்சு?"

டிரைவருக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் பதினாலு மைலு மொதலாளி?"

"காலனுக்குப் பதினாலு மைலு கொறையுது. கம்பெனிக்காரன் முப்பத்தாறு குடுத்திருக்கான். நீ எனக்கு இருபத்திரண்டு குடுக்க."

"நான் எங்க மொதலாளி குடுக்கேன்? வண்டில்லா குடுக்கு. அது குடிக்கிறதைக் குடிக்கு. நம்ம ரோட்டுக்கு இருபத்திரண்டே சாஸ்தி."

அவர் சொன்னது நியாயம். அந்தக் கார் எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும், நானும் பாதி நாள் அதில் இருந்தேன். முன்சீட்டில் நானும் டிரைவரும், பின்சீட்டில் முதலாளியும் அவருடைய மைத்துனர்கள் இரண்டு பேரும், டிக்கியில் நாலு கட்டு லேபிள், மேலே மத்தாப்புக்கான கம்பிக்கட்டு. இது நாரணாபுரம் போகும்போது. அச்சங்குளம் போகும்போது மைத்துனர்களின் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். ரோடு என்பது மழைக்காலத்தில் கரிசல் சேறு, வெயில் காலத்தில் அதே சேறு காய்ந்த பாளம். ரயில்வே கேட் சாத்தியிருந்தால் இன்ஜினை அணைக்க முதலாளி விடமாட்டார். அணைத்தால் திரும்பக் கிளம்பாமல் நாலு பேர் தள்ளும்படி ஆகிவிடும், மரியாதை போய்விடும் என்று பயம். வழியில் யாராவது அண்ணாச்சி எதிர்ப்பட்டால் இறங்கிப் பருத்தி விலை பேசுவார். அரைமணி நேரம் கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். அந்த அரைமணி நேரத்தில் அது ஓடாத மைல்களும் டிரைவர் தலையில்தான் எழுதப்பட்டன.

"வண்டி நின்னுக்கிட்டே குடிக்குதுல்லா மொதலாளி" என்றார் டிரைவர்.

"நின்னா எப்படிலே குடிக்கும்? ஓடுனாத்தானே மைலு?"



அடுத்து முதலாளி பெட்ரோல் மூடிக்குக் காவல் போட்டார். தீப்பெட்டிக் கட்டுக்குச் சர்க்கார் வரிச்சீட்டு ஒட்டுவதைப் பார்த்துப் பழகியவர். கிழியாமல் கட்டைத் திறக்க முடியாது. அதே முறைப்படி தினமும் சாயங்காலம் கார் ஷெட்டுக்குப் போனதும், மூடியின்மேல் எங்கள் மயில் மார்க் லேபிள் ஒன்றைப் பசை தடவி ஒட்டச் சொன்னார். ஒட்டியவன் நான். மூன்றாம் நாள் காலையில் லேபிள் பாதி கிழிந்திருந்தது. மயிலுக்குத் தலை இல்லை. டிரைவர் பிடிபட்டுவிட்டார் என்று ஆபீஸே கூடிவிட்டது. லேபிள் பசை மாவில் காய்ச்சியது. ஷெட்டுக்கு எதிரே கட்டியிருந்த வெள்ளாடு அடுத்த நாள் எல்லார் கண்ணெதிரேயும் வந்து புது மயிலையும் நக்கித் தின்றது. ஆடு மாட்டியதில் ஆபீஸ் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை.

"ஆடு மேலதானே நக்குச்சு? உள்ள இருக்கறதை எவன் உறிஞ்சுனான்?" என்றார்.

உறிஞ்சுவது என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததும் அவருக்கே ஒரு யோசனை வந்துவிட்டது. டாங்கியிலிருந்து பெட்ரோல் எடுக்க ரப்பர் குழாயை விட்டு வாயால் இழுக்க வேண்டும். இழுத்தவன் வாயில் வாடை அடிக்கும்.

"தம்பி, நீ படிச்ச புள்ள, வெத்தலை போடுற பளக்கமும் கிடையாது. சாயங்காலம் இவன் வண்டிய விட்டதும் வாய மோந்து பாத்துச் சொல்லு."

இந்த இடத்தில் நான் மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறுக்கவில்லை. பாக்கிங் ஷெட்டிலிருந்து பெண்கள் வேலை முடிந்து வெளியே வரும் நேரம். தூக்குவாளியோடு அப்படியே நின்று பார்த்தார்கள். எனக்கு மனப்பாடமாக இரண்டு மூன்று மொழிகளில் கவிதை தெரியும். வாயில் வந்ததெல்லாம் ஒரே வார்த்தை.

"ஊதுங்கண்ணே" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஊதினார். வெற்றிலை, புகையிலை, மத்தியானம் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு.

"பெட்ரோல் வாடை இல்லை மொதலாளி."

"நல்லா கிட்டக்கப் போய் மோந்து பாருப்பா."

கிட்டப் போனேன். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி அவளை இடித்து, "சிரிக்காத, பெரிய மனுசன்" என்றாள். பெரிய மனுசன் என்று அவள் சொன்னது என்னை அல்ல.

மறுநாளிலிருந்து டிரைவர் என்னைச் 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார். பதினெட்டு நாள் ஊதினார், பதினெட்டு நாள் மோந்தேன். பெட்ரோல் வாடை வராததால் முதலாளியின் சந்தேகம் குறைந்ததா என்றால், இல்லை. "புகையிலைய எதுக்கு இம்புட்டு அடக்குறான்? வாடைய மறைக்கத்தான்" என்று கிளப்பில் சொல்லியிருக்கிறார். கிளப்பில் சொன்னது ஊரில் சொன்ன மாதிரி. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களைத் தவிர ஊரில் கார் வைத்திருந்தவர் யாரும் இல்லை. பெட்ரோல் திருடன் என்ற பேரோடு இந்த வாசலைத் தாண்டினால் இன்னொருவர் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்.

டிரைவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். ஒருநாள் ஊதி முடித்ததும் மெதுவாகச் சொன்னார்: "வேலை போனாப் போகட்டும் சார். திருட்டுப் பேரோட இங்கனருந்து போகமாட்டேன். அந்தப் பேரை எடுத்துட்டுத்தான் போவேன்."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்: கம்பெனிக்கே எழுதிக் கேட்டுவிடலாம், அவர்களே சொல்லிவிடுவார்கள். முதலாளியிடம் சொன்னேன். சம்மதித்தார். சென்னையில் இருந்த கார் கம்பெனிக்காரர்களுக்கு, தங்கள் மேலான கவனத்துக்கு என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. முதலாளி மேஜைக்கு முன்னால் நின்று வாசித்தேன். டிரைவரையும் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார்கள்.

அவ்வளவு மரியாதையான கடிதத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் வண்டியின் பெட்ரோல் சிக்கனம் முறைப்படி சோதித்து அறியப்பட்டது, கவனமான கையில் அந்த மைல் நிச்சயம் கிடைக்கும், வித்தியாசம் இருந்தால் வண்டியை ஓட்டுகிறவரின் பழக்கங்களைக் கவனிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கீழே கையெழுத்துகூட அழகாக இருந்தது. அந்தக் கை கரிசல் ரோட்டில் ஒரு நாளாவது ஸ்டியரிங் பிடித்திருக்குமா என்று நினைத்தபோது எனக்குக் காது சுட்டது. ஒருவன் சென்னையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, தான் கண்ணால் காணாத ஒரு மனிதனைப் பணிவுடன் திருடன் ஆக்குகிறான். அதை நான் நல்ல தமிழில் மொழிபெயர்க்கிறேன்.

"கேட்டியா? ஓட்டுறவனைப் பாருங்கறான். சென்னையில இருக்கறவனுக்கே தெரியுது" என்றார் முதலாளி. "சாவிய வச்சுட்டுப் போ."

டிரைவர் சாவியை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சார், அந்தக் காயிதத்துல வேற ஒண்ணும் இல்லையா?"

காகிதத்தில் இல்லை. புத்தகத்தில் இருந்தது. மேஜை டிராயரைத் திறந்து புத்தகத்தை எடுத்துப் பதினோராம் பக்கத்தைப் பிரித்தேன். அடியில் இருந்த மூன்று வரியையும் வாசித்தேன்: மேடு பள்ளம் இல்லாத சமமான ரோட்டில், காற்று இல்லாத நாளில், ஓட்டுகிறவர் மட்டும் இருக்க, சுமை ஏற்றாமல், நிறுத்தாமல், மணிக்கு முப்பது மைல் என்ற ஒரே வேகத்தில் ஓட்டியபோது கிடைத்தது.



"இது எப்போ எளுதுனான்?" என்றார் முதலாளி.

"அன்னைக்கே இருந்தது மொதலாளி. அந்த நட்சத்திரத்துக்கு அர்த்தம் இதுதான்."

"ஒண்ணு விடாம வாசின்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

டிரைவர் அந்த மூன்று வரியைக் குனிந்து பார்த்தார். அவர் திட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் தேவை எனக்கு வந்திருக்காது.

முதலாளியை நான் முழுக்க மோசமாகச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்காமல் வெடிமருந்துச் சரக்கைக் கையால் தொடாதவர். மறுநாள் காலையில் டாங்கியைச் சொட்டு விடாமல் காலி பண்ணச் சொன்னார். பங்கில் அளவுப் பாத்திரத்தால் ஒரே ஒரு காலன், தன் கண்ணெதிரே ஊற்றச் சொன்னார். இன்னொரு காலனைத் தகரத்தில் வாங்கி, மூடியை அரக்கு வைத்து முத்திரை போட்டு, தன் இரண்டு பாதங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். மைத்துனர்கள் இல்லை, லேபிள் கட்டு இல்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும். சிவகாசியிலிருந்து கிளம்பி திருத்தங்கல் வழியாக விருதுநகர் போய்த் திரும்பினோம். ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைக்க அவரே சொன்னார். எதிரே வந்த ஓர் அண்ணாச்சி கையைத் தூக்கினார். முதலாளி பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகம் அதுவாகத்தான் இருக்கும்.

விருதுநகரைத் தொட்டுத் திரும்பி, ஆமத்தூருக்கு முன்னால் கார் இரண்டு தடவை இருமி நின்றது. உச்சி வெயில். இரண்டு பக்கமும் பருத்திக் காடு. நான் மைல் காட்டியைக் குனிந்து பார்த்தேன். இருபத்துமூன்றுகூட முழுசாக ஆகவில்லை.

டிரைவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

முதலாளி இறங்கி ரோட்டோரம் நின்றார். சென்னைக் கம்பெனிக்காரனை இப்போது நாலு வார்த்தை திட்டுவார், அதைக் கடிதமாக எழுதும் சந்தோஷம் எனக்குக் கிடைக்கும் என்று காத்திருந்தேன். மனிதர் சிரிக்க ஆரம்பித்தார்.

"அடப் பாவிகளா! ஆவரேஜ்னு ஒரு வார்த்தைகூடப் போடாம முப்பத்தாறுன்னு அடிச்சிருக்கானே! எம்புட்டு தைரியம் பாரேன்! நாம அம்பதுல நாலு குச்சி கொறைக்க அந்தப் பயம் பயப்படுறோம்."

அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பொறாமை. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரை மெச்சுகிற குரல். என் ரத்தம் கொதித்தது. வழக்கம்போல உள்ளேயே கொதித்தது.

டிரைவர் தகரத்தின் அரக்கை உடைத்துப் பெட்ரோலை ஊற்றினார். மூடியைத் திருகிவிட்டுச் சொன்னார்: "மொதலாளி, கிளப்புல எம்பேரைச் சொன்னீகள்ல. இன்னைக்குச் சாயங்காலம் அதே கிளப்புல இதையும் சொல்லிருங்க."

"எதைச் சொல்ல? எங்காரு இருபத்திரண்டுதான் குடுக்குன்னா? மத்தவன் காரெல்லாம் முப்பத்தஞ்சு குடுக்கையிலயா?"

"அவுக காரும் குடுக்காது மொதலாளி. அவுக டிரைவர்மாரைக் கேட்டுப் பாருங்க. ஒவ்வொருத்தனும் இதே பாட்டுத்தான் வாங்கிக்கிட்டு இருக்கான்."

"அது அவுக பாடு. நீ பாட்டுக்கு வண்டிய ஓட்டு. இனிமே வாய ஊத வேண்டாம், போதுமா?"

போதவில்லை. சிவகாசி வந்ததும் டிரைவர் காரை ஷெட்டில் விட்டார், கண்ணாடியைத் துடைத்தார், சாவியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பிறகு என் மேஜைக்கு வந்தார்.

"சார், மொதலாளி வாயால சொல்லமாட்டாரு. நீங்க காயிதத்துல எளுதித் தாங்க. அளந்து பாத்ததுல இம்புட்டுத்தான் வந்துச்சுன்னு."

முதலாளி கையெழுத்துப் போட மாட்டார் என்று எனக்குத் தெரியும். கம்பெனித் தாளில் டைப் அடித்து, கம்பெனி ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, நானே கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சட்டவிரோதக் காரியம். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்: இவர் ஓட்டிய கார், முதலாளி முன்னிலையில் அளந்து ஓட்டியபோது, ஆவரேஜாகக் காலனுக்கு இருபத்திரண்டு மைல் கொடுத்தது.

"அந்த ஆவரேஜை எடுத்துருங்க சார்" என்றார்.

அவர் இத்தனை மாதம் எங்கள் வாசலில் நின்றவர், எங்கள் ஆவரேஜுக்கு என்ன பொருள் என்று தெரிந்தவர். எடுத்துவிட்டு மறுபடி டைப் அடித்தேன்.

அடுத்த வாரம் புது டிரைவர் வந்தார். புத்தகத்தின் மூன்று வரியையும் ஆமத்தூரையும் முதலாளி அதற்குள் மறந்துவிட்டிருந்தார். முதல் நாள் சாயங்காலமே அவர் வாயை மோந்து பார்க்க என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஜலதோஷம் என்றேன். அந்தக் கம்பெனியில் நான் இருந்த மீதி நாலு வருஷமும் எனக்கு ஜலதோஷம்தான். இதை எதிர்ப்பு என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. வேறு எதிர்ப்பு என் கைவசம் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய டிரைவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் வியர்வை பட்டு எழுத்து மங்கியிருந்தது.

"விருதுநகர்ல ஒரு எண்ணெய்க்கடை மொதலாளிகிட்டக் கொண்டுபோய்க் காட்டுனேன் சார். அதே காருதான். அவருகிட்டயும் இங்கிலீசு கிளார்க்கு ஒருத்தரு இருக்காரு. அவருதான் வாசிச்சாரு."

"என்ன சொன்னார்?"

"மொதலாளி சிரிச்சாரு சார். 'எம் புஸ்தகத்துல முப்பத்தாறு போட்டிருக்கு. நீ ஓட்டுன வண்டி இருபத்திரண்டு குடுத்திருக்கு. மிச்சத்தை நீ எடுத்துக்கிட்டேன்னு நீயே ஸ்டாம்பு குத்தி வாங்கிட்டு வந்திருக்கியேப்பா'ன்னாரு."

"அந்த கிளார்க்கிடம் புத்தகத்தின் அடியில் இருக்கும் மூன்று வரியை வாசிக்கச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன் சார். அவரு பேனாவுக்கு மை ஊத்திக்கிட்டே இருந்தாரு. எம் மூஞ்சியப் பாக்கலை."

வத்தல் மூட்டை ஏற்றும் ஒரு லாரியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். தூத்துக்குடிக்கும் விருதுநகருக்கும் ஓட்டம். அந்த லாரிக்காரரிடம் புத்தகமும் இல்லை, கிளார்க்கும் இல்லை. காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். கடிதம் என் கையில் இருந்தது.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். எண்ணெய்க்கடையைக் கண்டுபிடித்தேன். முதலாளி இல்லை. கிளார்க் இருந்தார். என் வயதுதான், என்னைப் போலவே கண்ணாடி, கையிடுக்கில் ஒரு புத்தகம். நான் யார் என்று சொன்னேன். அவர் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நீ படித்தவனா, அந்த நட்சத்திரம் உன் கண்ணுக்குத் தெரியவில்லையா, ஒரு மனிதன் பேர் போகிறது, மூன்று வரி வாசிக்க உன் நாக்கு தேய்ந்துவிடுமா என்று கத்தினேன். எண்ணெய் ஆட்டுகிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். என் வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியது அன்று ஒருநாள்தான்.

கிளார்க் தலையைக் குனிந்துகொண்டு நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார். முடித்ததும், "வாஸ்தவந்தான் சார். நீங்க உங்க மொதலாளிக்கு அன்னைக்கே வாசிச்சுக் காமிச்சீகளா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரி கேட்டார்.

சென்னையில் ஒருவரும் சிவகாசியில் ஒருவரும் என்னிடம் வாங்க வேண்டிய ஏச்சை, விருதுநகரில் என்னைவிடக் குறைந்த சம்பளக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன்.